பேச வராதவருக்குப் பாட்டு வருவது ஏன்?

பக்கவாதம் வந்த சிலருக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. பழகிய பாட்டை எடுத்துக் கொடுத்தால் மட்டும் சொல் பிசகாமல் பாடிவிடுவார்கள். எப்படி?

பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால், கேட்பது ஓரளவு புரியும், சொல் எழாது. மெட்டைக் கையாள்வதிலோ வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது சேதப்படாததால் பாட்டு தப்பிக்கிறது. தாளமும் மனப்பாடமும்தான் முக்கியக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

1973-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதையே சிகிச்சையாக்கினார்கள். சிறு தொடரை இரண்டே சுரங்களில் இழுத்துப் பாட வைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவார்கள் (இடக்கையை இயக்குவது வலமூளை). பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். 2011-இல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி கேப்ரியல் கிஃபோர்ட்ஸின் பேச்சுப் பயிற்சியிலும் இசைக்கு இடமிருந்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. இந்த நோய்க்கு இந்த ராகம் என்று சுற்றிவரும் பட்டியல்களோடு இதைச் சேர்க்கவும் கூடாது.

இசையால் சிகிச்சை அளிப்பவருக்கு நல்ல குரல் மட்டும் போதாது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1944-இல் இசைச் சிகிச்சைக்கெனப் பட்டப்படிப்பு தொடங்கியது. இன்று இத்துறைக்கு வரும் மாணவர் வாத்தியத்தோடு உளவியலும் படித்து, நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சியும் பெற வேண்டும்.