டில்லியில் தப்பிய மருந்து சுவிட்சர்லாந்தில் சிக்கியது!

சர்ப்பகந்தி என்று ஒரு செடி. முழங்கால் உயரம்தான் இருக்கும். வெள்ளைப் பூ, சிவந்த காம்பு. இமயமலை அடிவாரத்திலும், பீகார், வங்காளம், அசாம் பகுதிகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளைகிறது. இதன் வேர்தான் மருந்து. நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு.

பீகாரில் இதற்கு "பாகல் கீ தவா" என்று பெயர். பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கவும் அங்கே இந்த வேரைக் கொடுப்பது உண்டு.

ரத்தக்கொதிப்புக்கு உலகம் முழுவதும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த முதல் மாத்திரைகளில் ஒன்று இந்த வேரிலிருந்து வந்தது. அதன் பெயர் ரெசர்பின். அதைப் பிரித்து எடுத்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஆனால் அதற்கு 20 ஆண்டு முன்பே நம் டில்லியில் இந்த வேரை ஆராய்ந்து முடித்திருந்தார்கள்.

ஹக்கீம் பெயரில் ஒரு பொருள்

டில்லி கரோல் பாக் நம்மவர்களுக்குப் பழகிய இடம். அங்கேதான் ஹக்கீம் அஜ்மல் கான் தொடங்கிய திப்பியா கல்லூரி இருக்கிறது. ஜெர்மனியில் ரசாயனம் படித்துத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திகி அங்கே ஆராய்ச்சி செய்தார். 1931இல் அவர் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து பொருள்களைத் தனித்தனியே பிரித்து வெளியிட்டார். 1927இல் காலமான ஹக்கீமின் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் சூட்டினார்.

பிரித்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வேரைக் காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள். சத்து ஆல்கஹாலில் இறங்கும். அதை வற்றவைத்தால் பழுப்பு நிறத்தில் களிம்பு போல ஒன்று மிஞ்சும். அதில் அமிலம் கலந்த தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். செடியில் உள்ள ஆல்கலாய்டு என்ற காரப் பொருள்கள் அமிலத்தைக் கண்டதும் தண்ணீருக்குள் போய்விடும். பிசின் கீழே தங்கிவிடும். தண்ணீரை வடித்து அம்மோனியா சேர்த்தால், கரைந்த பொருள் மீண்டும் தூளாகப் படியும். அதைச் சுத்தம் செய்தால் கற்கண்டு போலப் படிகம் கிடைக்கும்.

முறையில் பிழை கிடையாது. இன்றும் பல மூலிகைகளுக்கு இதுவே வழி. ஆனால் ரெசர்பின் மிகவும் பலவீனமான காரம். அமிலத் தண்ணீர் கூப்பிட்டாலும் லேசில் வராது. அது பிசினோடு பிசினாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது!

பம்பாய் டாக்டரின் 50 நோயாளிகள்

பிசினில் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் இங்கேயே எழுந்தது. அது தூக்கம் வரவழைக்கிறது என்று 1944இல் இந்திய ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். அதற்கு மேல் வேலை நகரவில்லை.

அன்றைய பம்பாயில், கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரசாயனத்துக்குக் காத்திருக்கவில்லை. வேரையே மாத்திரையாகக் கொடுத்து, ரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவந்தார். 50 நோயாளிகளின் கணக்கை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் மேல்நாட்டு டாக்டர்களின் பார்வை இந்த வேரின் பக்கம் நன்றாகத் திரும்பியது. 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் பாசல் நகரில் சிபா கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் என்ற மூவர் வேறு விதமாகத் தேடினார்கள். படிகம் எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. பிரித்த ஒவ்வொரு பகுதியையும் பிராணிகளுக்குக் கொடுத்து, எதில் மயக்கமும் அமைதியும் வருகிறது என்று பார்த்தார்கள். பிசின் பகுதியில் வந்தது. அதையே மேலும் மேலும் பிரித்து 1952இல் ரெசர்பினைப் பிடித்தார்கள். டில்லியில் கிடைத்த அஜ்மலினும் வீண் போகவில்லை. இதயத் துடிப்புக் கோளாறுக்கு அது பயன்பட்டது.

1954 முதல் அமெரிக்க மனநோய் ஆஸ்பத்திரிகளிலும் ரெசர்பின் கொடுத்தார்கள். பீகார் கிராமத்துக்காரர் வைத்த பெயர் சும்மா வைத்த பெயர் அல்ல.

கால் மில்லிகிராம்

ஒரு கிலோ காய்ந்த வேரில் ரெசர்பின் சுமார் ஒரு கிராம் தேறும். பல வேர்களில் அதுகூட இராது. மாத்திரையில் இருப்பதோ கால் மில்லிகிராம். ஒரு கிராமில் 4,000 மாத்திரை ஆகும். இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் பொருளைக் கைப்பிடியால் அளந்தால் என்ன ஆகும்?

ரெசர்பின் நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும் ரசாயனங்களைக் காலி செய்கிறது. அதனால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அளவு மிஞ்சினால் மூக்கடைப்பு, சோர்வு, மனத்தளர்ச்சி, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வந்துவிடும். இதனாலேயே டாக்டர்கள் பிற்காலத்தில் வேறு மாத்திரைகளுக்கு மாறினார்கள்.

காட்டுச் செடியைத் தோண்டித் தோண்டி அது அருகிப் போனது. 1990 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி அதன் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சரக்கு குறைந்ததும் கலப்படம் வந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடியின் வேரையும் இதுதான் என்று விற்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில், சிலிக்கா பூசிய தட்டில் ஒரு பக்கம் பொடியின் சாறு, மறு பக்கம் சுத்த ரெசர்பின் என்று சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் புள்ளி ஒரே உயரத்தில் ஏறினால் சரக்கில் ரெசர்பின் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தனிக் கருவி வேண்டும். பிளாட்பாரத்தில் கடை விரித்து வேர் விற்பவரிடம் தட்டும் இல்லை, கருவியும் இல்லை.

வேலைப் பளு, ராத்திரி ஷிப்ட், ஓட்டல் உப்பு என்று ரத்தக்கொதிப்புக்கு ஆளாகும் நம்மவர்கள் பலர், மாத்திரை செலவுக்குப் பயந்து பொடிக்கு மாறுகிறார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கும். ஏற்கெனவே பொடி சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பொடியும் மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டுவிடலாம்.