டெல்லி கணேஷ்: சிரிக்காமலேயே சிரிக்க வைத்தது எப்படி?

டெல்லி கணேஷ் காமெடியனா, குணச்சித்திர நடிகரா? ரசிகர்களைக் கேட்டால் ரெண்டும்தான் என்பார்கள்.

விமானப்படையில் 10 ஆண்டு வேலை, டெல்லியில் நாடகம். பெயரில் 'டெல்லி' ஒட்டிக்கொண்டது அப்படித்தான். கே.பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' மூலம் சினிமாவுக்கு வந்தவர், 400-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காடு மணி ஐயரை இன்னைக்கும் மீம்களில் பார்க்கலாம். அந்த சமையல்காரருக்கு தான் காமெடி பண்றோம்னே தெரியாது. அவர் பதற்றம் நிஜம், அதனால்தான் நமக்கு சிரிப்பு. பன்ச் வசனம் இல்லை, தனி காமெடி டிராக்கும் இல்லை.

அதே முகம்தான் 'சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கம் உள்ள மிருதங்கக் கலைஞர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன்களில் ஒருவர். சின்னத்திரையில் 'மர்மதேசம்'.

2024 நவம்பரில், 80 வயதில் அவர் மறைந்தபோது பலரும் பகிர்ந்தது இந்தக் காட்சிகளைத்தான். போஸ்டரில் பெரிதாக இடம்பிடிக்காத நடிகர்தான். ஆனா அவர் இல்லாம அந்தப் படங்களை யோசிக்க முடியாது.

அடுத்த முறை அந்த கிளிப் வந்தால், மற்றவர்கள் பேசும்போது அவர் முகத்தைக் கவனிங்க. பாதி காமெடி அங்கேதான் இருக்கு.