ரத்தம் ஏன் நிற்கவில்லை?

தொண்டை ஆபரேஷனில் துப்புக் கிடைத்த மாரடைப்பு மருந்து!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் கிளெண்டேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்று ஒரு டாக்டர் இருந்தார்.

அவர் பேர் பெற்ற விஞ்ஞானி அல்ல. காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களுக்கு மருந்து கொடுக்கும் சாதாரண டாக்டர். தொண்டையில் சதை வளர்ந்து தொல்லை கொடுத்தால், அதை ஆபரேஷன் செய்து எடுப்பார். அந்தச் சதைக்கு "டான்சில்" என்று பெயர்.

1940-ம் ஆண்டுகளில் அவருக்கு ஒரு பெரிய கவலை வந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடியும். நோயாளியும் வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் சில நாட்களில் தொண்டையில் ரத்தம் கொட்டத் தொடங்கும். எளிதில் நிற்காது. சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

"ரத்தம் ஏன் நிற்கவில்லை?"

கிரேவன் யோசித்தார். ஒவ்வொருவரையும் விசாரித்தார். விடை கிடைத்தது!

மெல்லும் மருந்து

தொண்டை வலி தெரியாமல் இருக்க, அவர் ஒரு மருந்து கொடுப்பது வழக்கம். அது விழுங்கும் மாத்திரை அல்ல. வாயில் போட்டு மெல்லும் "சூயிங்கம்". அதற்குள் ஆஸ்பிரின் கலந்திருக்கும்.

ஆஸ்பிரின் புதிய மருந்து அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த பேயர் கம்பெனி 1899-ம் ஆண்டிலேயே அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் உலகம் முழுவதும் அதைச் சாப்பிட்டார்கள்.

கிரேவனின் நோயாளிகளில் சிலர், வலி பொறுக்காமல் கடையில் அந்தச் சூயிங்கத்தை மேலும் வாங்கினார்கள். ஒரு நாளைக்கு 20 வரை மென்றவர்களும் உண்டு. அப்படி அதிகமாக மென்றவர்களுக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை!

வேறு ஒருவராக இருந்தால், "இனிமேல் அதை மெல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். கிரேவன் அதோடு விடவில்லை.

ஆஸ்பிரினே காரணமா என்று தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். தினம் 12 மாத்திரை வீதம் விழுங்கினார். ஐந்தாம் நாள், அடி எதுவும் படாமலே அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சந்தேகம் தீர, மறுபடியும் அதேபோல் செய்து பார்த்தார். மறுபடியும் ரத்தம் வந்தது.

(இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. உயிருக்கே ஆபத்து.)

தலைகீழ் யோசனை

இங்கேதான் கிரேவனுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது.

மாரடைப்பு எப்படி வருகிறது? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. வழி அடைபடுகிறது. ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை துடிக்கிறது, சாகிறது.

ஆஸ்பிரின் ரத்தத்தைக் கட்டவிடாமல் செய்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அது கெடுதல். ஆனால் மாரடைப்பு வரக்கூடியவருக்கு அதுவே நன்மை ஆகாதா?

நடுத்தர வயதைத் தாண்டிய, உடல் பருத்த, உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஆண்களுக்கு அவர் ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கினார். 1950-ம் ஆண்டில் ஒரு மருத்துவப் பத்திரிகையில் முடிவை எழுதினார். "400 பேருக்குக் கொடுத்தேன். ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை" என்பது அதன் சாரம். 1956-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். அப்போது அந்தக் கணக்கு சுமார் 8 ஆயிரம் பேராக வளர்ந்திருந்தது.

யாரும் கேட்கவில்லை

உலகம் அவரைக் கொண்டாடியதா? இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் எழுதியவை அதிகம் பேர் படிக்காத சிறிய பத்திரிகைகள். அதோடு, அவருடைய கணக்கில் ஒரு குறையும் இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களை மட்டுமே அவர் எண்ணினார். சாப்பிடாதவர்களை எண்ணவில்லை. உரம் போட்ட வயலை மட்டும் பார்த்துவிட்டு, விளைச்சல் உரத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று சொல்ல முடியுமா? உரம் போடாத வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

1957-ம் ஆண்டில் கிரேவன் காலமானார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அவர் இறந்ததும் மாரடைப்பால்தான்! அவருடைய கட்டுரைகள் அலமாரியில் தூங்கின.

குட்டிப் பட்டாளம்

ஆஸ்பிரின் ரத்தத்தை எப்படிக் கட்டவிடாமல் செய்கிறது? அது கிரேவனுக்கே சரியாகத் தெரியாது. அந்த ரகசியம் "தட்டணு"வில் இருந்தது.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்கள் உண்டு. இவற்றைவிட மிகச் சிறிய இன்னொரு கூட்டமும் உண்டு. அவைதான் தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது குண்டூசித் தலை அளவு ரத்தத்தில், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும்!

இத்தாலி நாட்டு டாக்டர் ஜூலியோ பிட்சொசேரோ 1882-ல் இவற்றின் வேலையை விளக்கினார். உயிருள்ள சிறு பிராணிகளின் ரத்தக் குழாயை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குழாயில் காயம் பட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து அங்கே ஒட்டிக்கொண்டன. ஒன்றன்மேல் ஒன்று குவிந்து காயத்தை அடைத்தன. ஏரிக்கரை உடைந்தால் ஊர் மக்கள் ஓடிவந்து மண் மூட்டை போடுவது போல!

காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்படுகிறது. சிறிது நேரத்தில் ரத்தம் நின்றுவிடுகிறது. அது இந்தக் குட்டிப் பட்டாளத்தின் வேலைதான்.

பட்டாளத்தில் ஆள் குறைந்தால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். சிலருக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாமல் இருந்தும் ரத்தம் நிற்காது. சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தை டாக்டர் எடுவர்ட் கிளான்ஸ்மான் 1918-ல் இப்படி ஒரு பரம்பரை நோயைக் கண்டு எழுதினார். ஆள் இருக்கிறது, ஆனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை! அதுதான் அந்த நோய்.

இந்தப் பட்டாளத்துக்குப் பகுத்தறிவு கிடையாது. இதயக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அது வெடித்தால், அதையும் வெட்டுக்காயம் என்றே நினைக்கும். ஓடிவந்து அடைக்கும். உயிரைக் காக்க வந்ததே உயிருக்கு எமனாகிவிடும்!

பல் பிடுங்கிய கதை

1960-ம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஆஸ்பிரின் சாப்பிட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1971-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் அதற்கு மேலும் ஒரு படி போனார். உடலில் "புரோஸ்டாகிளாண்டின்" என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1982-ல் அவருக்கும், சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தட்டணு தன் கூட்டாளிகளை அழைக்க ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதை உண்டாக்கும் கருவியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. தட்டணுவால் வேறு கருவி செய்துகொள்ள முடியாது. பல் போன கிழவருக்கு மறுபடி பல் முளைப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதுவரை அதனால் கூட்டாளிகளை முன்போல் அழைக்க முடியாது.

அதனால்தான் சிறிய அளவு ஆஸ்பிரினே போதுமானதாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சில நாட்களுக்கு ரத்தம் எளிதில் கட்டாமல் இருப்பதும் அதனால்தான்.

17 ஆயிரம் பேர்

கிரேவன் செய்யாமல் விட்ட கணக்கை மற்றவர்கள் செய்தார்கள். 1988-ல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. மாரடைப்பு வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 17,187 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின். மற்றப் பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ஐந்து வாரத்தில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடையே இதயநோய், ரத்தக்குழாய் நோய்களால் ஏற்பட்ட மரணம் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

இன்று மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், பெரும்பாலும் டாக்டர்கள் உடனே ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்கிறார்கள். தட்டணுக்களை அடக்கும் குளோபிடோகிரெல் போன்ற வேறு மருந்துகளும் வந்துவிட்டன.

எல்லோருக்கும் அல்ல

"அப்படியானால் எல்லோரும் தினம் ஒரு ஆஸ்பிரின் சாப்பிடலாமே?" என்று கேட்கலாம்.

கூடாது! ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், இதயநோய் வராத முதியவர்கள் 19,114 பேரைக் கொண்டு இதையும் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. நோய் நொடி இல்லாத வாழ்வை ஆஸ்பிரின் நீட்டிக்கவில்லை. ஆபத்தான ரத்தப்போக்குதான் அதிகமாயிற்று.

மாரடைப்பைத் தடுக்கும் குணமும், ரத்தம் கொட்டவைக்கும் குணமும் ஒன்றேதான். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு லாபம் அதிகமா, நஷ்டம் அதிகமா என்று பார்க்க வேண்டியவர் டாக்டர்தான்.

குடும்பத்தினர் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்:

டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைகின்றன. ஆகவே, டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் சாப்பிடக்கூடாது.

குழந்தைகளின் காய்ச்சலுக்கும், டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

இதயக் குழாயில் "ஸ்டென்ட்" வைத்துக்கொண்டவர்கள், "உடம்பு நன்றாகிவிட்டது" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. குழாய் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் பல் பிடுங்கப் போனாலும், ஆபரேஷனுக்குப் போனாலும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிரேவனின் நோயாளிகள் 20 சூயிங்கம் மென்றது, ரத்தம் கொட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது!