வாசித்துக் காட்டும் பட்டன்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், சாரல் தொடங்கும் முன் தன் இணையதளத்தைப் புதுப்பிக்கிறார். பக்கத்தைக் குரலில் வாசிக்கும் பட்டன் ஒன்றை மூலையில் வைத்துத் தருவதாகவும், அதற்கு ஆண்டுச் சந்தா உண்டு என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கண்ணு தெரியாதவங்களுக்கு உதவியா இருக்குமாம்லா. போடலாமா தம்பி?” என்றார். ஐந்தருவிச் சாலை ஓரம் டீ குடித்தபடி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பார்வையற்றவருக்கு அந்தப் பட்டன் பெரும்பாலும் தேவைப்படாது. அவர் உங்கள் தளத்துக்கு வரும்போதே குரலோடுதான் வருகிறார். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் இருக்கும். என்விடிஏ, மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் தொடங்கியது. இலவசம், தமிழையும் வாசிக்கும். உங்கள் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு அந்தக் குரல் வேண்டும். அதோடு இன்னொரு குரலும் பேசத் தொடங்கினால் இரண்டுமே காதில் ஏறாது.

“அப்போ வீண்செலவுதானா?” என்று கேட்டார். இல்லை. புரை விழுந்த கண்ணோடு போனைத் தள்ளிப் பிடிக்கும் அவருடைய அம்மைக்கு அது உதவும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு உதவும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் மலையாளப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கும் உதவும். கேட்டால் புரியும் தமிழ் அவனுக்கு எழுத்தில் பிடிபடாது. இவர்களிடம் பொதுவாகத் திரைவாசிப்பான் இருப்பதில்லை. கண்ணெதிரே ஒரு பட்டன் இருந்தால் அழுத்துவார்கள். அதன் மதிப்பு அங்கேதான். காசு கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடலாம்: மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியிலேயே சத்தமாக வாசிக்கும் வசதி இலவசமாக இருக்கிறது. அதன் தமிழ்க் குரல்களில் இரண்டின் பெயர்கள் பல்லவி, வள்ளுவர்!

இப்படி ஒட்டுக்கருவி ஒன்றைச் சேர்த்தாலே தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அறிவித்தது. நம் நாட்டிலும் இது தயவு தாட்சண்ய விஷயமல்ல. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. இணைய வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பிறகு அண்ணாச்சியின் தளத்தைப் போனில் திறந்தோம். அறை வாடகைப் பட்டியல் முழுவதும் ஒரே படம். ஃபிளெக்ஸ் போர்டுக்குச் செய்த வடிவத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். குரல் கருவி படிப்பது திரையில் தெரியும் உருவத்தை அல்ல, அதன் அடியில் இருக்கும் எழுத்தை. இங்கே அடியில் எழுத்தே இல்லை. முன்பதிவுக்கு அழுத்தும் பட்டனிலும் எழுத்தில்லை, வெறும் படம்தான். திரைவாசிப்பான் அதைப் “பட்டன்” என்று மட்டும் சொல்லும். எதற்கான பட்டன் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் பார்வைக்குத் தமிழாகத் தெரியும்; அடியில் இருப்பவை ஆங்கிலக் குறிகள். ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, செமிகோலன். குரல் கருவி அதைத்தான் வாசிக்க முயலும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பட்டனும் இதைச் சரிசெய்யாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையில் திரும்ப அடிப்பதோ, அதற்கு மாற்றிக்கொள்வதோதான் வழி.

அண்ணாச்சி சந்தாவைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வாடகைப் பட்டியலை எழுத்தாக அடிக்கச் சொல்லியிருக்கிறார். கடைக்கோ, பள்ளிக்கோ, கோயிலுக்கோ நீங்கள் ஒரு தளம் வைத்திருந்தால், இன்றே அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்து விழுந்தால் குரலும் அதை வாசிக்கும். விழவில்லையென்றால், முதலில் அந்த வரியைச் சரிசெய்யுங்கள்.