இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

ராசிபுரத்தில் பேருந்து ஏறித் தெற்கே சென்றால் நாமக்கல் வரும். அங்கே கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயார்தான் கணித மேதை இராமானுஜன் குடும்பத்தாரின் குலதெய்வம். அவர் 1887இல் பிறந்த ஈரோடும் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. அந்த மேதை தயாரித்த பட்டியல் ஒன்றில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று என்றால் நம்புவீர்களா?

அந்த எண் 2,93,31,86,25,600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600! இதற்கு அப்படி என்ன சிறப்பு?

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் 12 மாணவர்களைச் சமமான வரிசைகளாக நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6 அல்லது 12 வரிசைகளாக நிறுத்தலாம். இந்த ஆறும் 12இன் காரணிகள். 12ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்ணை ‘உயர் பகு எண்’ என்பர். 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவற்றைப் பற்றி இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இந்த ஆராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், 67,46,32,83,88,800 வரையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார்.

இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளை எண்ணுவது எப்படி? முதலில் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். 60 = 2² × 3 × 5. இதன் காரணி ஒன்றில் 2 வராமலிருக்கலாம்; ஒரு முறையோ இரு முறையோ வரலாம். ஆக 3 வழிகள். 3க்கு 2 வழிகள், 5க்கு 2 வழிகள். 3 × 2 × 2 = 12 காரணிகள்.

விடுபட்ட எண் = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் 1ஐக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 காரணிகள்!

அடுக்குகளைக் கவனித்தீர்களா? 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. 2க்கும் 3க்கும் உரிய அடுக்குகளை மாற்றி 2⁴ × 3⁶ என்று எழுதிப் பாருங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது. எண் மட்டும் இரண்டேகால் மடங்காகப் பெருத்துவிடும். ஆகவே, சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்குக்குக் குறையக் கூடாது. இவ்விதிக்கு உட்பட்ட எண்களை மட்டும் சோதித்தால் போதும். தேடும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொரு வியப்பு! விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால், இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணே கிடைக்கிறது. அதற்குக் காரணிகள் 10,080.

ஓர் எண் விடுபட்டதால் மேதையின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் மேதையின் பட்டியலானாலும் அதைச் சரிபார்க்கும் உரிமை, தாளும் பென்சிலும் வைத்திருக்கும் எவருக்கும் உண்டு. எங்கே, நீங்களும் தொடங்குங்கள்: 5,040 என்பதும் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு 60 காரணிகள் வருகின்றனவா?