சாணக் கலனும் சினைப்பருவமும்: எல்லையோரத் தொழுவங்களில் பிணைந்திருக்கும் இரு கணக்குகள்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வடகரப்பதி ஊராட்சி. தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இந்த மழைமறைவுப் பகுதியில் பயிர் பொய்த்தாலும் கையில் பணம் தருவது கறவை மாடு. கேரளத்தில் பால் கொள்முதலில் முன்னணியில் உள்ள பகுதிகளில் சித்தூரும் ஒன்று. இத்தகைய ஊர்களின் பால் உற்பத்தியாளர்களிடம் அண்மைக் காலமாக இரு செய்திகள் தனித்தனியாக எடுத்துச் செல்லப்படுகின்றன. சாணத்தை எரிசக்தியாக்குங்கள் என்பது ஒன்று. பசுவை உரிய காலத்தில் சினைப்படுத்துங்கள் என்பது மற்றொன்று. ஆய்வு நூல்களில் வெவ்வேறு துறைகளாக உள்ள இவ்விரண்டும் தொழுவத்துக்குள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

முதலில் எரிவாயுக் கணக்கு. ஒரு கிலோ பசுஞ்சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். அதில் 55 முதல் 65 சதவீதம் வரை மீத்தேன். ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதுமான 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும், அதே அளவு தண்ணீரும் தேவை. கட்டுத்தறியில் வளரும் கலப்பினப் பசு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ வரை சாணம் இடும் என்பதால், மூன்று மாடுகள் இருந்தால் கலன் இயங்கும். ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். கோடையில் குடிநீருக்கே தவிக்கும் ஊர்களில் 50 லிட்டர் தண்ணீர் சிறிய அளவு அல்ல. தொழுவம் கழுவிய நீரையே கலனுக்குத் திருப்பிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

இந்தத் தொழில்நுட்பம் புதியதல்ல. 1930களின் இறுதியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் தொடங்கிய சோதனைகள், பின்னர் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் கலன் வழியாகக் கிராமங்களை அடைந்தன. மத்திய அரசு 2018இல் அறிவித்த கோபர்தன் திட்டம் அதற்குப் புத்துயிர் அளித்தது. குஜராத்தின் பனாஸ் பால் ஒன்றியம் சாண வாயுவை அழுத்தி வாகன எரிபொருளாக விற்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பால் பண்ணைச் சாணத்திலிருந்து பிரித்த திரவ மீத்தேனைக் கொண்டு, 2023 டிசம்பரில் ராக்கெட் என்ஜின் ஒன்று தரையில் 10 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது.

ஆயினும் எரிவாயுவைக் காட்டி மாட்டின் வருமானத்தை மதிப்பிடுவது தவறான கணக்கு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். ஆண்டுக்கு ஒரு கன்று என்ற இலக்கை எட்ட, ஈன்ற 85 நாள்களுக்குள் மீண்டும் சினைப்பிடிக்க வேண்டும். 13 மாத இடைவெளி என்றாலும் 115 நாள்களுக்கு மேல் அவகாசம் இல்லை. சினைப்பருவம் 21 நாள்களுக்கு ஒருமுறை வந்து, 12 முதல் 18 மணி நேரத்தில் கடந்துவிடும். அதைத் தவறவிட்டால் மேலும் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாள்களில் ஒரு பசு இடும் 315 கிலோ சாணத்தின் வாயு, சமையல் எரிவாயு அளவில் ஐந்தரை கிலோவைக்கூட எட்டாது. அதாவது 14.2 கிலோ உருளையில் பாதிக்கும் குறைவு. அதே நாள்களின் தீவனச் செலவோடு ஒப்பிட்டால் இழப்பு எந்தப் பக்கம் என்பது தெளிவு.

கருவூட்டல் நேரம் குறித்து உலகெங்கும் பின்பற்றப்படும் விதி, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பெர்கர் என்பவர் 1940களில் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. காலையில் அறிகுறி தென்பட்டால் அன்று மாலையும், மாலையில் தென்பட்டால் மறுநாள் காலையும் கருவூட்ட வேண்டும். சிக்கல், அறிகுறியைக் காண்பதில்தான். வெப்பம் மிகுந்த மாதங்களில் கத்துதல், பிற மாடுகள் மீது தாவுதல் போன்ற அறிகுறிகள் மங்கி, இரவு நேரத்துக்குத் தள்ளிப்போகின்றன. இதையே ஊமைச் சினைப்பருவம் என்கின்றனர். விடியற்காலையிலும் இரவு உறங்கச் செல்லும் முன்னும் தொழுவத்தைப் பார்ப்பது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

வெப்பத்துக்கும் கலப்பினத்துக்கும் உள்ள பகை இங்கு கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. 1963இல் தொடங்கிய இந்திய - சுவிஸ் திட்டம், இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பட்டியில், குளிர்ந்த மலையில் வேரூன்றியது. அங்கு சுவிட்சர்லாந்தின் பழுப்பு இனக் காளைகளை உள்ளூர்ப் பசுக்களுடன் கலந்து உருவான சுனந்தினி, கேரளத்தின் பால் வளத்தை மாற்றியது. ஆனால் மலைக்கு உகந்த இரத்தம் ஓடும் மாடு, கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டுச் சமவெளியில் திணறுகிறது. வெப்ப அயர்ச்சி கருமுட்டையின் தரத்தைப் பாதிப்பதால், வெயில் தணிந்து சில வாரங்கள் கழித்தும் சினைப்பிடிப்பு குறைவாகவே இருக்கும். நிழல், நீர்த்தெளிப்பு, இரவுத் தீவனம் ஆகியவற்றின் பலனும் அதே தாமதத்துடன்தான் வெளிப்படும்.

இனி, இரு கணக்குகளும் சந்திக்கும் இடங்கள். ஈன்ற முதல் இரு வாரங்களில் பெரும்பாலான பசுக்களின் கருப்பையில் பாக்டீரியாக்கள் நுழைகின்றன. பல பசுக்கள் தாமாகவே அவற்றை வெளியேற்றிவிடும். ஈரச் சாணத்தின் மீதே படுக்கும் பசுவுக்கு அந்த வாய்ப்பு குறைகிறது. கருப்பை அழற்சி ஏற்பட்டு, பலமுறை கருவூட்டியும் சினை நிற்காத நிலைக்குக் கொண்டுசெல்கிறது. நாள்தோறும் சாணத்தை அள்ளிக் கலனில் இடும் வீட்டில் தொழுவம் தானாகவே உலர்ந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. கருப்பை நோய்க்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற நோய்முறி மருந்து பெற்ற மாட்டின் சாணத்தில் மருந்தின் எச்சம் கலந்திருக்கும். அது மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகளை முடக்கி வாயு உற்பத்தியைக் குறைப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. தரை கழுவும் பினாயிலும் அவ்வாறே கெடுதி செய்யும். வாயு திடீரெனக் குறைந்தால், கலனைப் பழுது பார்ப்பதற்கு முன் மாட்டுக்கு அளிக்கப்பட்ட மருந்தை நினைவுகூர்வது பயனுள்ளது.

சாணம் தீவனத்தின் அளவுகோலும் ஆகும். நீர்த்துக் கழியும் சாணம் மிகையான புரதத்தையோ அடர்தீவனத்தையோ, நார்ச்சத்துக் குறைவையோ சுட்டலாம். இரத்தத்தில் யூரியா மிகும்போது கருப்பையின் சூழல் மாறிக் கரு தங்குவது குறைகிறது. மறுபுறம், வைக்கோலை மட்டுமே தின்னும் மாட்டின் சாணம் இறுகியிருக்கும். அத்தகைய மாட்டில் வைட்டமின் ஏ, பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றின் குறைபாட்டால் பருவமே வராமல் போகலாம். கலனிலிருந்து வெளியேறும் சாணக் குழம்பில் தழைச்சத்து பெருமளவு எஞ்சியிருப்பதால், அதைக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குப் பாய்ச்சிப் பசுந்தீவனம் பெறலாம். தாது உப்புக் கலவையைத் தனியாகத்தான் அளிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் விதிவிலக்கற்றது. கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியையும் இறந்த கருவையும் கலனில் இடக் கூடாது. கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி சாணத்தில் வாரக்கணக்கில் உயிர்வாழக் கூடியது. வீட்டுக் கலனின் மிதமான வெப்பம் அதை முழுமையாக அழிக்கும் என்று நம்ப இயலாது. மனிதரையும் தொற்றும் நோய் என்பதால், கையுறை அணிந்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைப்பதே முறை. 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாதம் வரையிலான கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை இதற்கான தடுப்பூசி செலுத்தப்படுகிறது.