பெரிய மானிட்டர் வாங்குகிறீர்களா? நிறத்தையும் கவனியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் பெரும்பாலும் மானிட்டரைப் பற்றி யோசிப்பதில்லை. கடைக்காரர் தருவதை வாங்கிக் கொள்கிறோம். கடிதம் டைப் செய்யவும் சினிமா பார்க்கவும் அது போதும். ஆனால் வீட்டிலிருந்தே திருமண ஆல்பம் வடிவமைப்பது, புகைப்படங்களைத் திருத்துவது, அழைப்பிதழ் தயாரிப்பது போன்ற வேலைகளில் இறங்கினால் அது போதாது. திரையில் அரக்குச் சிவப்பாகத் தெரிந்த கூறைப்புடவை ஆல்பத்தில் பழுப்பாக அச்சாகி வந்தால், வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள மாட்டார். மறுபடி அச்சடிக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பெரிய திரையும் அதிக ரெசல்யூஷனும் இருந்தால் நிறமும் சரியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரெசல்யூஷன் தருவது கூர்மையை மட்டுமே. நிறத்தைத் தனியாகத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

அளவும் ரெசல்யூஷனும்

மானிட்டரின் அளவு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அங்குலத்தில் அளக்கப்படுகிறது. ரெசல்யூஷன் என்பது திரையில் உள்ள பிக்ஸல் எனப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை. ஃபுல் எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்ஸல்கள் உள்ளன. 4கே திரையில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம்.

27 அங்குலத் திரையில் ஃபுல் எச்.டி. என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்ஸல்கள்தான். எழுத்துகளின் ஓரம் பிசிறு பிசிறாகத் தெரியும். அதே அளவில் 2560 × 1440 என்றால் 109 பிக்ஸல்கள். 4கே என்றால் 163. எனவே 27 அங்குலத்திற்குக் குறைந்தது 2560 × 1440, 32 அங்குலத்திற்கு 4கே என்று வைத்துக் கொள்ளுங்கள்.

எந்த பேனல்?

டி.என். பேனலில் தலையைச் சற்று மேலே, கீழே அசைத்தாலே நிறம் மாறும். நிற வேலைக்கு அது உதவாது. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாகத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். பேனலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. நமக்கு ஏற்றது இதுதான். ஓ.எல்.இ.டி. மானிட்டர்களும் கிடைக்கின்றன, விலை அதிகம்.

எவ்வளவு நிறங்கள்?

ஒரு மானிட்டர் காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்குச் சில அளவுகோல்கள் உண்டு. எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996ல் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. இவற்றில் அடிப்படையானது. மானிட்டர் இதில் கிட்டத்தட்ட 100 சதவீதத்தைக் காட்ட வேண்டும்.

1998ல் வந்த அடோப் ஆர்.ஜி.பி. இதைவிடப் பெரியது. பச்சை, நீலப்பச்சைப் பகுதியில் இது கூடுதல் நிறங்களைத் தருகிறது. மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையின் சில சாயல்கள் எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்குள் அடங்காமல் போகலாம் என்பதால், அச்சு வேலை செய்பவர்கள் அடோப் ஆர்.ஜி.பி. மானிட்டரை விரும்புகிறார்கள். வீடியோ வேலை செய்பவர்கள் டி.சி.ஐ.-பி3 சதவீதத்தைப் பார்க்க வேண்டும்.

8 பிட் பேனல் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்டும். 10 பிட் என்றால் சுமார் 107 கோடி. வானம் போன்ற இடங்களில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியாமல் இருக்க 10 பிட் உதவும்.

டெல்டா ஈ என்றால் என்ன?

காட்ட வேண்டிய நிறத்துக்கும் மானிட்டர் உண்மையில் காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசமே டெல்டா ஈ. இந்த எண் 2க்குக் கீழே இருந்தால் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நிறத்துக்கென்றே தயாராகும் மானிட்டர்களில் தொழிற்சாலையில் சோதித்த அறிக்கையைப் பெட்டிக்குள் வைப்பதுண்டு. கேட்டு வாங்குங்கள்.

கேபிளையும் பாருங்கள்

4கே படம் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 தேவை. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 என்றால் 30 முறைதான். மவுஸ் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகரும். உங்கள் கம்ப்யூட்டரில் எந்த இணைப்பு உள்ளது என்று முதலில் பார்த்து விடுங்கள்.

வாங்கிய பிறகு

நல்ல மானிட்டரிலும் நாளாக ஆக நிறம் விலகும். கலரிமீட்டர் என்ற சிறு கருவியைத் திரையில் வைத்து, அதன் சாஃப்ட்வேரை இயக்கினால், விலகலைச் சரிசெய்யும் ஐ.சி.சி. புரொஃபைல் என்ற ஃபைல் உருவாகும். மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். திரையை அரை மணி நேரம் இயங்க விட்டு, பிறகு அளக்க வேண்டும். அச்சு வேலைக்கு வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 80 முதல் 120 நிட்ஸ் என்று வைத்துத் தொடங்கலாம்.

இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை, நிறம் திருத்தும்போது அணைத்து விடுங்கள். ஃபைலை எந்த நிற அளவுகோலில் தர வேண்டும் என்று ஆல்பம் அச்சிடும் லேபில் கேட்டுக் கொள்ளுங்கள்.

கடைகளில் பிரைட்னஸை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக அச்சான ஒரு புகைப்படத்தையும் அதன் ஃபைலையும் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் 32 அங்குல 4கே ஆசையைத் தள்ளி வையுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி.யை முழுமையாகக் காட்டும் 27 அங்குல, 2560 × 1440 ஐ.பி.எஸ். மானிட்டரை வாங்கி, மீதிப் பணத்தில் ஒரு கலரிமீட்டரும் வாங்குங்கள். அச்சாகி வரும் ஆல்பத்தில் பலன் தெரியும்.